சிமென்ட் காடை

கிரேன் தூக்கியதும் காடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கீழே கூடியிருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

சிமென்ட்டில் செய்த காடை. ஒரு கன்றுக்குட்டி பருமன் இருக்கும். எங்கள் குலக் கோயிலுக்குப் புதிதாகக் கட்டிய வளைவின் உச்சியில் வைப்பதற்காக, வயிற்றில் பட்டை கட்டி ஏற்றினார்கள். பெயிண்ட் சரியாகக் காயவில்லை. பட்டை அழுத்திய இடத்தில் பழுப்பு நிறம் வழித்துக்கொண்டு வந்தது.

தலையில் கொண்டை வைத்திருந்தார்கள். காடைக்கு ஏது கொண்டை? செய்தவரிடமே கேட்டுவிட்டேன். மனதில் வைத்துக்கொள்ள எனக்குத் தெரியாது.

"கொண்டை இல்லீன்னா எடுப்பா இருக்காதுங்க்கா. கமிட்டியில வெக்கச் சொன்னாங்க," என்றார்.

அவர் மேல் தப்பில்லை. பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். மயில், சிங்கம், யானை செய்து பழகிய கை. காடை வேண்டும் என்று கேட்டு வந்த முதல் ஆட்கள் நாங்கள்தானாம்.

பாருங்கள், 'நாங்கள்' என்று எழுதிவிட்டேன். அப்படி எழுத எனக்கு உரிமை உண்டா இல்லையா என்பதில்தான் என் அண்ணனுக்கும் எனக்கும் பேச்சு நின்றது.

பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் குனிந்து, "ஏம்புள்ள, உங்க சாமி பிராய்லர் கோழிக்கு மாறிருச்சா?" என்று காதோரம் கேட்டார். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

காடைக்காரி

பாலக்காடு என்றதும் பச்சை வயலையும் ஆற்றையும் நினைத்துக்கொண்டு எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். சித்தூரைத் தாண்டிக் கிழக்கே வரவர மழை குறையும், பனை கூடும், பேச்சு தமிழாகும். மண் கறுப்பு. ஆனி ஆடியில் காற்று ஆளைத் தள்ளும்.

இங்கே குடியானவர்கள் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். கூட்டம் என்றால் குலம். ஒரே கூட்டத்துக்குள் பெண் கொடுத்து எடுக்க மாட்டார்கள். எல்லோரும் அண்ணன் தம்பி முறை. நான் பிறந்தது காடைக் கூட்டம். காடை எங்கள் குலத்துப் பறவை. தின்ன மாட்டோம், பிடிக்க மாட்டோம், அது இருக்கிற பக்கம் கல்லெறிய மாட்டோம். எங்கள் முன்னோர் ஒருவரைக் காடை காப்பாற்றியதாம். எப்படிக் காப்பாற்றியது என்று கேட்டால் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள்.

கல்யாணம் ஆனதும் பெண் புருஷனுடைய கூட்டத்துக்குப் போய்விடுவாள். நான் போனது ஒன்றும் பெரிய தூரமில்லை. வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேறிப் பாதையில் நடந்தால், ஒரு வெற்றிலையை மென்று துப்புவதற்குள் பிறந்த வீட்டிலிருந்து புகுந்த வீட்டுக்கு வந்துவிடலாம். அந்தத் தூரத்துக்குத்தான் கூட்டம் மாறிற்று.

புதுப் பெண்ணாக இருந்தபோது ஒரு சாயங்காலம் வீட்டுக்காரர் வாழை இலையில் கட்டி வறுவல் வாங்கி வந்தார். என்ன வறுவல் என்று கேட்டேன். காடை என்றார். நான் கையை எடுத்துவிட்டேன். மாமியார் நல்லவர், என்னைத் தேற்றத்தான் பார்த்தார்.

"இனி நீ எங்க கூட்டம் கண்ணு. உனக்கு அந்தக் கட்டெல்லாம் கெடையாது. தாராளமாத் திங்கலாம்."

நான் எழுந்து போய்க் கட்டுத்தறியில் மாட்டோடு மாடாக உட்கார்ந்துகொண்டேன். கூப்பிட்டுப் பார்த்தார்கள், வரவில்லை. அதன் பிறகு அந்த வீட்டில் காடை வாங்கியதில்லை. எனக்குக் காடைக்காரி என்று பேர் வைத்தார்கள். நான் அதைப் பட்டம் போல வைத்துக்கொண்டேன்.

படல் சாத்திய காடு

கோயிலுக்கு வடக்கே கூட்டத்துக்குப் பொதுவாக ஒரு மேய்ச்சல் காடு இருந்தது. இருட்டிக் கிடக்கிற காடு அல்ல. அங்கொன்றும் இங்கொன்றுமாக வேலமரம், நடுவில் முழங்கால் உயரத்துக்குப் புல், சுற்றிலும் கிளுவை வேலி. இந்தக் கோடியில் நின்றால் அந்தக் கோடி தெரியும். ஆனால் புல்லுக்குள் இருப்பது எதுவும் தெரியாது.

ஆடியில் சாரல் விழுந்து புல் பச்சை கட்டியதும் காடைகள் வரும். எங்கிருந்து வருகின்றன என்று யாருக்கும் தெரியாது. தை பிறந்து புல் காயும்போது ஒன்றுகூட இருக்காது. நடுவில் உள்ள மாதங்களில் அந்தப் புல்லுக்கடியில் தரையிலேயே முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, வளர்த்துக் கூட்டிக்கொண்டு போய்விடும்.

அதனால் ஆடி பிறந்ததும் காட்டுக்குப் படல் சாத்துவோம். மூங்கிலும் முள்ளும் வைத்துக் கட்டிய கதவுதான் படல். கூட்டத்தில் மூத்தவர் குளித்து வந்து, படலைச் சாத்தி, மஞ்சள் துணி கட்டுவார். அதற்குக் காடை அடைப்பு என்று பேர். பொங்கல் வரைக்கும் ஆடு மாடு உள்ளே போகக் கூடாது. அப்பாவுக்குப் பிறகு அந்த வேலை என் அண்ணனுக்கு வந்தது. அவர் மஞ்சள் துணியை முடிபோடும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். ஏதோ மாவட்டத்தையே கட்டி ஆள்கிறவர் போல இருப்பார்.

ஆட்கள் நடக்க மட்டும் வேலியோரம் ஒற்றையடிப் பாதை உண்டு. நான் பால் சொசைட்டியில் பால் பரிசோதிக்கிற வேலையில் இருந்தேன். காலை ஒரு நடை, மாலை ஒரு நடை, இரண்டும் அந்தக் காட்டு வழிதான். ஓய்வு பெற்ற பிறகும் எங்கள் மாட்டுப் பாலைத் தூக்கிக்கொண்டு அதே வழியில்தான் போனேன்.

காடையைப் பார்த்தேன் என்று சொல்வது பெரிய பேச்சு. அதைக் கேட்கத்தான் முடியும். 'விட்-விட்' என்று இரண்டிரண்டாகக் கூப்பிடும். குரல் வந்த இடத்துக்குப் போனால் அங்கே இருக்காது. நாம் நின்றால் பின்னாலிருந்து கூப்பிடும். மிதித்துவிடப் போகிற நேரத்தில் காலடியிலிருந்து பொர்ரென்று எழும்பி, கொஞ்சம் தள்ளிப் போய் விழுந்துவிடும். விழுந்த இடத்தில் தேடினால் புல்தான் இருக்கும். முதல் தடவை அப்படி எழும்பியபோது நான் பால் கேனைக் கீழே போட்டுவிட்டு, அம்மனைக் கூப்பிட்டேன்.

தின்றவருக்குத் தெரிந்தது

காடையைக் கண்ணால் பார்க்கும் வழியை எனக்குச் சொன்னவர் என் வீட்டுக்காரர். கல்யாணத்துக்கு முன்னால் நிலக்கடலைக் காட்டில் வலை கட்டிக் காடை பிடித்தவர் அவர். மூட்டை மூட்டையாகத் தின்றிருப்பார், பாவி.

"பறந்து விழுந்த எடத்தப் பாக்காத. எந்திரிச்ச எடத்தப் பாரு. சோடி அங்கயேதான் உக்காந்திருக்கும்," என்றார்.

அப்படிப் பார்த்ததில்தான் ஒரு நாள் கிடைத்தது. ஆண் காடை. உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவு. முதுகெல்லாம் காய்ந்த புல்லின் நிறம். நெஞ்சில் மட்டும் பேனா மை கொட்டியது போல ஒரு கறுப்பு. கழுத்தை நீட்டி என்னை ஒரு கண்ணால் பார்த்தது. அவ்வளவுதான், புல்லுக்குள் போய்விட்டது. அன்றைக்குச் சொசைட்டியில் யார் பாலில் எவ்வளவு தண்ணீர் என்று நான் பார்க்கவே இல்லை. எல்லோருக்கும் நல்ல பால் என்று எழுதினேன்.

வீட்டுக்காரர் ஒரு முறை சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்க கூட்டத்துல ஒருத்தருக்குமே காடைய அடையாளம் தெரியாது புள்ள. புடிச்சதில்ல, உரிச்சதில்ல. அப்பறம் எப்படித் தெரியும்?"

எனக்குக் கோபம் வந்தது. அண்ணனுக்குத் தெரியாமல் இருக்குமா? மூத்தவர், வருஷா வருஷம் படல் சாத்துகிறவர், எத்தனையோ தடவை பார்த்திருப்பார் என்றேன். அண்ணனிடம் நான் அதைக் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

காந்தலூர் போகிற வழியில்

என் நாத்தனாரைக் காந்தலூரில் கட்டிக் கொடுத்திருக்கிறது. அவர்கள் பூண்டும் காய்கறியும் போடுகிறவர்கள். ஒரு கோடையில் அங்கே விசேஷத்துக்குப் போனோம். மலை ஏறுவதற்கு முன்னால் பஸ் வறண்ட காட்டுக்குள் போகும். எங்கள் மேய்ச்சல் காட்டைப் பல மடங்கு பெரிசாக்கியது போன்ற காடு. அதே வேலமரம், அதே காய்ந்த புல்.

வனத்துறை செக்போஸ்ட்டில் பஸ் நின்றபோது பக்கத்துப் புதரிலிருந்து சருகுக்கோழிகள் வரிசையாக வெளியே வந்தன. தலையைத் தாழ்த்திக்கொண்டு ஓட்டமாக ரோட்டைக் கடந்தன. நான் படியில் கால் வைத்தேன். காவலுக்கு நின்றவர் மலையாளமும் தமிழுமாக, "எறங்கண்டா சேச்சி. பட்சிகளுக்கு சல்லியம்," என்றார். இறங்காதே, பறவைகளுக்குத் தொந்தரவு என்கிறார்.

எனக்கு அவர் மேல் கோபமே வரவில்லை. ஒரு கோழிக்காக ஒரு பஸ் ஆட்களை அதட்டுகிறவர். அங்கே காட்டுக்கு ஆள் இருக்கிறது, போர்டு இருக்கிறது, சங்கிலி இருக்கிறது. எங்கள் காட்டுக்கு அம்மனும் அண்ணனும்தான் இருந்தார்கள். அது போதும் என்று அன்றைக்கு நினைத்தேன். எனக்கு அறிவு அவ்வளவுதான்.

தை வரைக்கும்

கோயிலைப் புதுப்பித்துக் கும்பாபிஷேகம் செய்வது என்று கமிட்டியில் முடிவானது. அண்ணன்தான் தலைவர். கூடவே கல்யாண மண்டபம், வண்டி நிறுத்த இடம். இடம் எங்கே? மேய்ச்சல் காடு.

மண்டபம் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் பிள்ளைகளின் கல்யாணத்துக்குப் பொள்ளாச்சியில் மண்டபம் தேடி அலைந்திருக்கிறோம். ஆனால் மண் தள்ளும் வேலையை ஆவணியில் தொடங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆடியில்தான் அண்ணன் படல் சாத்தியிருக்கிறார். காட்டுக்குள் காடைகள் கூப்பிட்டுக்கொண்டிருக்கின்றன.

இதைப் பேசக் கோயில் வாசலில் எல்லோரும் கூடினார்கள். ஆண்கள் முன்னால் நாற்காலியில், பெண்கள் பின்னால் பாயில். நான் எழுந்து நின்றேன்.

"மண்டபம் கட்டுங்ணா. ஆரு வேண்டாங்கறா? தை வரைக்கும் பொறுத்துக்கோங்க. இப்ப உள்ள முட்டை கெடக்குதுங்க."

"தையிலதான் அம்மிணி கும்பாபிசேகம்," என்றார் அண்ணன். "மண்டபத்துல பந்தி போடோணும். அதுக்கு இப்பவே மண்ணுத் தள்ளுனாத்தான் ஆகும்."

"அப்பறம் படல் எதுக்குங்ணா சாத்துனீங்க?"

"அது வழக்கம்."

"காடைக்குத்தானுங்களே அந்த வழக்கம்?"

"அதுக்கென்ன, றெக்கை இருக்கறதுதானே. எங்கியாச்சும் போயிக்கும்."

"முட்டைக்கு றெக்கை இல்லீங்களே," என்றேன்.

பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். அதுதான் வினையாகிப் போனது. அண்ணன் முகம் கறுத்தது. எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"அம்மிணி, நீ கட்டிக்குடுத்த எடத்துல போயிப் பேசு. இது எங்க கூட்டத்து வேலை."

எங்கள் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒரு சடங்கு உண்டு. மணப்பெண் வந்து உட்காருவதற்கு முன்னால், மாப்பிள்ளைக்கு அருகில் அவருடைய பொறந்தவள், அதாவது கூடப்பிறந்தவள், உட்கார வேண்டும். வேறு வீட்டுக்குப் போனாலும் இவள் எனக்குப் பொறந்தவள்தான் என்று ஊர் முன்னால் சொல்லும் சீர் அது. அண்ணன் கல்யாணத்தில் நான்தான் உட்கார்ந்தேன். அண்ணன் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். நான்தான் மெதுவாகக் கிள்ளிச் சிரிக்க வைத்தேன்.

அந்த மனிதர்தான் 'எங்க கூட்டம்' என்றார். மாமியார், நீ இப்போது காடைக் கூட்டம் இல்லை, அதனால் தின்னலாம் என்றார். அண்ணன், நீ காடைக் கூட்டம் இல்லை, அதனால் பேசக் கூடாது என்கிறார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்றோடு அண்ணனிடம் பேச்சை நிறுத்தினேன்.

வாயை மூடினேனே தவிர சும்மா இருக்கவில்லை. மறுநாள் விடியும்போது காட்டோரம் நின்று காடை கூப்பிடுவதைப் போனில் பதிவு செய்தேன். சாரல் காற்றில் இருமல் வேறு. முதலில் என் இருமல், அப்புறம் காடை, தெளிவாக விழுந்திருந்தது. அதைக் கூட்டத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு, 'இது நம் காட்டில் இன்று காலை கேட்டது. தை வரை பொறுங்கள்' என்று எழுதினேன்.

கும்பிடுகிற கைகளாக வந்து குவிந்தன. 'அருமை' என்றார்கள். 'ஓம் சக்தி' என்றார்கள். 'மெய்சிலிர்க்கிறது' என்று ஒருவர் துபாயிலிருந்து எழுதினார். தை வரை பொறுக்கலாம் என்று ஒருத்தரும் எழுதவில்லை.

வீட்டுக்காரர் சொன்னார்: "பாரஸ்ட்டுக்காரங்ககிட்டச் சொன்னா நின்னு போகும். ஆனா உங்க அண்ணன் மேல கேசு வரும். என்ன சொல்றே?"

நன்றாகவே யோசித்தேன். அண்ணன் வேட்டியை இறக்கிவிட்டு ஆபீஸ் வராந்தாவில் நிற்பது கண்ணுக்குள் வந்தது. வேண்டாமுங்க என்றேன். நான் அவருக்காக அவ்வளவு விட்டுக் கொடுத்தேன். அவர் எனக்காகத் தை வரைக்கும் விட்டுக் கொடுக்கவில்லை.

ஒரு நாள் நின்ற மரம்

மண் தள்ள ஜேசிபி வரப்போகிறது என்று தெரிந்த சாயங்காலம் காட்டுக்குள் போனேன். நடுவில் இருந்த வேலமரத்தடியில் ஒரு காடை காலடியிலிருந்து எழும்பியது. வீட்டுக்காரர் சொன்னபடி எழும்பிய இடத்தைப் பார்த்தேன். புல்லுக்கடியில் சின்னக் குழி, அதில் புள்ளி போட்ட முட்டைகள். தொட்டுப் பார்த்தேன், சூடு இருந்தது. முள்ளை வெட்டிச் சுற்றிலும் வளையமாகப் போட்டுவிட்டு வந்தேன்.

காலையில் படலைக் கழற்றியவர் அண்ணன்தான். மஞ்சள் துணியை அவிழ்த்து, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டார். நான் வேலிக்கு வெளியே நின்றேன்.

ஜேசிபி ஓட்டியவர் எலப்புள்ளிக்காரர். முள் வளையத்தைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். இறங்கிப் பார்த்துவிட்டு, அந்த மரத்தையும் அதன் அடியையும் விட்டுச் சுற்றிப் போனார். சாயங்காலம் பார்த்தால் காடு முழுதும் மொட்டை. நடுவில் மட்டும் ஒரு மரமும் ஒரு வட்டப் புல்லும் நின்றன. எனக்கு அப்போதும் ஒரு ஆசை இருந்தது. இரவுக்குள் தாய் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டால், அண்ணனிடம் நானே போய்ப் பேசிவிடுவது என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

மறுநாள் மரம் இல்லை. அண்ணன் மகன் பிரவீன் அங்கே நின்றான். கஞ்சிக்கோட்டில் கம்பெனியில் வேலை, கமிட்டியில் இளைஞர் அணி. "மட்டம் போகோணுமில்லீங்க அத்தை. நடுவுல திட்டு நின்னா டைல்ஸ் எப்படிப் பதிக்கறது?" என்றான். முட்டை என்னடா ஆச்சு என்றேன். "காக்கா வந்துச்சுங்க," என்றான்.

பறக்காத காடைகள்

தையில் கும்பாபிஷேகம். நான் போனேன். அம்மன் ஒன்றும் அண்ணன் வீட்டுச் சொத்தல்ல.

வளைவின் மேல் கொண்டை வைத்த சிமென்ட் காடை. அதன் கீழே பந்தல். பூஜை முடிந்ததும் மைக்கில், "இப்போது நம் குலக்காடைகளைப் பறக்கவிடும் நிகழ்ச்சி," என்றார்கள். பண்ணையில் வளர்க்கிற ஜப்பான் காடைகள், பிளாஸ்டிக் கூடைகளில் வந்திருந்தன. முட்டைக்கும் கறிக்கும் வளர்க்கிற இனம் அது. கம்பிவலையில் பிறந்து கம்பிவலையில் வளர்ந்தவை. அவை ஆகாயத்தைப் பார்த்திருக்குமா, புல்லை மிதித்திருக்குமா?

அண்ணன் ஒன்றை இரண்டு கையிலும் ஏந்தி, கண்ணை மூடிக் கும்பிட்டு, மேலே வீசினார். அது தொப்பென்று டைல்ஸில் விழுந்தது. சனம் கைதட்டியது. பறக்காது என்று கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஆனாலும் கூடைகள் காலியாக வேண்டுமே, ஒவ்வொருவராக வீசிக்கொண்டே இருந்தார்கள். விழுந்தவை நாற்காலிக்கு அடியிலும் செருப்புகளுக்கு நடுவிலும் போய் ஒண்டின. மதியத்துக்குள் வானத்தில் பருந்துகள் வட்டம் போட ஆரம்பித்தன. ஊர் நாய்கள் சுவரோரம் வந்து உட்கார்ந்தன.

மீதி இருந்தவற்றைப் பையன்கள் பிடித்துக் கூடையில் போட்டார்கள். அவற்றை என்ன செய்வது என்று கமிட்டி கூடியது. ஜப்பான் காடை நம் காடையில் சேராது, அதனால் தின்றால் குற்றமில்லை என்று முடிவு செய்தார்கள். காலையில் குலசாமி, சாயங்காலம் குழம்பு. வீட்டுக்காரர் அதைக் கேட்டுவிட்டு, "நானாச்சும் தின்னதோட சரி, அதைக் கும்பிடலியே புள்ள," என்றார். அவருக்கே அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

இருமலும் காடையும்

அப்புறம் பிரவீன் ஒரு காரியம் செய்தான். நான் குழுவில் போட்ட பதிவை எடுத்து, கோயில் ஒலிபெருக்கியில் ஏற்றிவிட்டான். தினமும் விடியும்போது முதலில் காடை கூப்பிடும். பிறகு பக்திப் பாட்டு. "எல்லாரும் சூப்பர்ங்கறாங்க அத்தை," என்றான். என்னுடைய இருமலை வெட்டி எடுக்க அவனுக்குத் தெரியவில்லை, அல்லது நேரமில்லை. ஆக, எங்கள் ஊருக்குக் காலையில் முதலில் கேட்பது என் இருமல்.

மறுபடியும் ஆடி வந்தது. காடை அடைப்பும் நடந்தது. நம்புங்கள், நடந்தது. அண்ணன் குளித்து வந்து, வண்டி நிறுத்தும் இடத்தின் இரும்புக் கேட்டைச் சாத்தி, மஞ்சள் துணி கட்டினார். உள்ளே டைல்ஸ். ஒரு புல் இல்லை.

அண்ணன் தினமும் காலையில் வளைவுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நான் பால் தூக்கிக்கொண்டு அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் வருவது தெரிந்ததும் பேப்பரை விரித்துக்கொள்வார். நான் ரோட்டைப் பார்த்து நடப்பேன். ஒரு வருஷமாக இப்படித்தான்.

முதல் சாரல் விழுந்து சில நாள் ஆன ஒரு காலை. ஒலிபெருக்கி இருமியது. 'விட்-விட்' என்றது. நான் அப்போதுதான் வளைவை நெருங்கியிருந்தேன்.

கேட்டுக்கு உள்ளேயிருந்து பதில் வந்தது.

ஒலிபெருக்கியின் எதிரொலி என்று நினைத்தேன். மறுபடியும் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், பக்கத்துப் புன்செய்க் காட்டில் நிலக்கடலை போட்டிருக்கிறார்கள். மழைத்தண்ணீர் போக விட்ட ஓட்டை வழியாக ஒரு காடை டைல்ஸுக்கு வந்திருந்தது. ஆண். நெஞ்சில் அந்தக் கறுப்பு. மறைய ஒரு புல் கிடையாது. அத்தனை வெளிச்சத்தில் முழுசாக நின்றது. தன் இடத்தில் எவனோ வந்து கூப்பிடுகிறான் என்று அதற்குக் கோபம். கழுத்தை நீட்டிக் கூப்பிட்டது. ஒலிபெருக்கிக் கம்பத்தை நோக்கி ஓடியது. அடியில் யாரும் இல்லை. சுற்றி வந்தது. மறுபடி கூப்பிட்டது.

எனக்குச் சண்டை மறந்துவிட்டது. பால் கேனைக் கீழே வைத்தேன்.

"அண்ணா, இங்க வாங்க. சீக்கிரம் வாங்ணா," என்றேன்.

அண்ணன் பேப்பரை இறக்கினார். ஒரு வருஷம் கழித்து நான் கூப்பிட்டதில் அவர் முகம் ஒரு மாதிரி இளகியது. எழுந்து வந்து என் பக்கத்தில் நின்று, கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"என்னம்மிணி அது? கௌதாரிக் குஞ்சா?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. இத்தனை வருஷம் படல் சாத்தி, மஞ்சள் துணி கட்டி, கூட்டத்துக்கே மூத்தவர்.

"காடைங்ணா," என்றேன்.

அண்ணன் அதைப் பார்த்தார். தலையைத் தூக்கி, எங்களுக்கு மேலே கொண்டையோடு நின்ற சிமென்ட் காடையைப் பார்த்தார். மறுபடியும் டைல்ஸைப் பார்த்தார்.

"இத்துணூண்டா?" என்றார். பிறகு, வருத்தத்தோடுதான் கேட்டார்: "இதுக்கா அம்மிணி ஒரு வருசம் எங்கூடப் பேசாம இருந்தே?"

"ஆமாங்ணா," என்றேன். கேனை எடுத்துக்கொண்டு நடந்தேன். பின்னால் பாட்டு ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை. காடை மட்டும் இன்னும் சில நாள் வந்து என் இருமலுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் வரவில்லை.